டிராயரில் தூங்கும் கடன்

உங்கள் மேஜை டிராயரை ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். பழைய ரேஷன் கார்டு ஜெராக்ஸ், எந்த போனுக்கும் பொருந்தாத சார்ஜர், மூடி தொலைந்த பேனா, யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை. எல்லாவற்றுக்கும் அடியில், வந்த கவரைக்கூட முழுசாகக் கிழிக்காமல், ஒரு கிரெடிட் கார்டு கிடக்கும். சிலர் வீட்டில் இரண்டு. என் வீட்டில் மூன்று.

போன மாதம் டிராயரைச் சுத்தம் செய்த என் மனைவி, மூன்றையும் கொண்டுவந்து மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"இதெல்லாம் எதுக்குங்க? யூஸ் பண்ணுங்க, இல்லேன்னா க்ளோஸ் பண்ணுங்க."

நியாயமான பேச்சு. போனைக் கையில் எடுத்தும் விட்டேன். அப்போதுதான் மகள் ஞாபகம் வந்தாள். அடுத்த வருடம் காலேஜ். கல்விக் கடன் வாங்காமல் முடியாது. கடன் அவள் பெயரில் என்றாலும், கூடவே கையெழுத்துப் போடவேண்டியவன் நான். என் ஜாதகத்தையும்தான் வங்கி பார்க்கும்.

மறுநாள் ஆபீஸில் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நண்பர் பதறிவிட்டார். "ஐயையோ, க்ளோஸ் பண்ணிடாதீங்க சார். சிபில் ஸ்கோர் சரிஞ்சிடும்." பக்கத்து சீட்காரர் நேரெதிர். "வெச்சிருந்தாதான் சார் ஆபத்து. எவனாவது நம்பரைத் திருடிட்டா நீங்கதான் அலையணும்."

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய், "இனிமே கடன் வேண்டாம் அண்ணாச்சி, என் நோட்டை மூடிடுங்க" என்று சொன்னால் அவர் கண்ணில் என் மதிப்பு ஏறத்தானே செய்யும்? இங்கே மட்டும் எப்படி இறங்குகிறது? வாங்காத கடனை மூடினால் பெயர் கெடும் என்பது என்ன மாதிரி கணக்கு? பி.காம். படித்தவன் என்று சொல்லிக்கொண்டு இதற்கு பதில் தெரியாமல் இருப்பது அவமானமாக இருந்தது. தேடப் போனேன். தேடல் என்னை அமெரிக்காவில் கொண்டுபோய் விட்டது, அதுவும் கிட்டத்தட்ட இருநூறு வருடம் பின்னால்.

1837. அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி. வங்கிகள் கதவைச் சாத்திக்கொண்டன, வியாபாரிகள் வரிசையாகத் திவாலானார்கள். நியூயார்க்கில் பட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்த டாப்பன் சகோதரர்களின் கடையும் அந்த அலையில் விழுந்தது. சரக்கு எல்லாம் கடனுக்குப் போயிருந்தது. வாங்கிப் போனவர்கள் எங்கெங்கோ இருக்கும் ஊர்க் கடைக்காரர்கள். யார் நாணயமானவன், யார் கம்பி நீட்டுவான் என்று நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரியும்?

இந்த இடத்தில்தான் தம்பி லூயிஸ் டாப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்று போராடிய ஆள் அவர். அந்தப் போராட்டத்தில் ஊர் ஊராகக் கடிதத் தொடர்பு வைத்திருந்த அனுபவம் உண்டு. 1841ல் 'மெர்கண்டைல் ஏஜென்சி' என்று ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வோர் ஊரிலும் ஒரு வக்கீலையோ விவரமான ஆளையோ பிடிப்பது. அந்த ஊர் வியாபாரிகளைப் பற்றி அவர்கள் எழுதி அனுப்புவார்கள். சொத்து எவ்வளவு? குடிப்பாரா? சீட்டாடுவாரா? மாமனார் வசதியானவரா? எல்லாவற்றையும் பெரிய பெரிய லெட்ஜர்களில் ஏற்றுவார்கள். சந்தா கட்டிய வியாபாரி ஆபீசுக்கு வந்தால் படித்துக் காட்டுவார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கன்கூட இளம் வக்கீலாக இருந்த காலத்தில் இந்த ஏஜென்சிக்கு எழுதியவர்களில் ஒருவர். அந்த லெட்ஜர்கள் 2,500க்கும் மேல் இன்றைக்கும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

தமிழில் 'நாணயம்' என்று ஒரே வார்த்தையைக் காசுக்கும் சொல்கிறோம், நேர்மைக்கும் சொல்கிறோம். டாப்பனுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்.

இது வியாபாரிகளுக்கு. சாதாரணக் குடும்பத்துக்காரனை யார் எடைபோடுவது? அதற்கும் ஆள் வந்தது. 1899ல் அட்லாண்டாவில் உல்ஃபோர்டு சகோதரர்கள் இருவர் 'ரீட்டெய்ல் கிரெடிட் கம்பெனி' ஆரம்பித்தார்கள். முதல் வாடிக்கையாளர்கள் யார் தெரியுமா? மளிகைக்கடைக்காரர்கள்! எந்த வீட்டில் ஒழுங்காக பாக்கியைக் கட்டுகிறார்கள், எந்த வீட்டில் இழுத்தடிக்கிறார்கள் என்கிற பட்டியல். நம் அண்ணாச்சி நோட்டேதான், அச்சடித்து விலைக்கு விற்றார்கள். போகப் போக அந்தக் கம்பெனி ஆட்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அந்தப் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை உண்டா, ஆசாமி ராத்திரி லேட்டாக வருகிறாரா என்றெல்லாம் விசாரித்து ஃபைலில் எழுதினார்கள். உங்கள் ஃபைலில் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்க்க முடியாது. தப்பாக இருந்தாலும் திருத்த முடியாது. அந்தக் கம்பெனிக்கு இப்போதைய பெயர் ஈக்விஃபாக்ஸ். இந்தியாவிலும் கடை விரித்திருக்கிறது.

கிரெடிட் கார்டுக்கு வருவோம். 1950ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் ஆரம்பித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபிராங்க் மெக்நமாரா ஹோட்டலுக்குப் போனார், சாப்பிட்டார், பர்ஸை மறந்துவிட்டார், கார்டு பிறந்தது. அருமையான கதை. ஆனால் விளம்பரத்துக்காகக் கட்டிய கதை என்று அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் பார்த்த மேட்டி சிம்மன்ஸே பின்னால் ஒப்புக்கொண்டுவிட்டார். தவிர, டைனர்ஸ் கிளப்பில் மாதக் கடைசியில் பில்லை முழுசாகக் கட்டியாக வேண்டும். நம் டிராயரில் கிடக்கிற ரகம் வேறு. கட்டினால் கட்டு, இல்லாவிட்டால் கொஞ்சம் கட்டிவிட்டு மிச்சத்துக்கு வட்டி போடு என்கிற ரகம். அதன் கதை கலிஃபோர்னியாவில் இருக்கிறது.

1958, செப்டம்பர் 18. கலிஃபோர்னியாவின் நடுவே ஃப்ரெஸ்னோ என்று ஒரு விவசாய நகரம்.  அன்றைக்கு அந்த ஊர்த் தபால்காரர்கள் கொண்டுவந்த பையில் 60,000 அட்டைகள் இருந்தன. பேங்க் ஆஃப் அமெரிக்கா அனுப்பியவை. யாரும் கேட்கவில்லை. யாரும் விண்ணப்பம் போடவில்லை. கையெழுத்து, சம்பள சர்ட்டிஃபிகேட் ஒன்றும் கிடையாது. கவரைப் பிரித்தால் உங்கள் பெயர் போட்ட அட்டை. 300 முதல் 500 டாலர் வரை கடனுக்குப் பொருள் வாங்கலாம். அப்போதே, அந்த நிமிடமே.

ஏன் ஃப்ரெஸ்னோ? அந்த ஊரில் நூற்றுக்கு 45 குடும்பங்கள் ஏற்கெனவே அந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தன. அது ஒரு காரணம். இன்னொன்று, கொஞ்சம் ஒதுக்குப்புறமான ஊர். சொதப்பினால் வெளியே ரொம்பத் தெரியாது!

கேட்காதவர்களுக்கு ஏன் அனுப்ப வேண்டும்? இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். கார்டு என்பது கோழி முட்டைப் பிரச்னை. மக்கள் கையில் கார்டு இல்லாமல் கடைக்காரன் ஏற்கமாட்டான். கடைக்காரன் ஏற்காமல் மக்கள் கார்டு வாங்கமாட்டார்கள். ஒரே நாளில் ஊர் முழுக்க அட்டையை வீசிவிட்டால்? கடைக்காரனுக்கு வேறு வழியில்லை. இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் ஜோசப் வில்லியம்ஸ். அந்த வங்கியை நிறுவிய கியானினியின் பரம பக்தர். சாதாரண ஜனங்களை நம்பிக் கடன் கொடுக்கலாம், பெரும்பாலானவர்கள் ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள் என்பது அவர் கட்சி. நூற்றுக்கு நான்கு பேர் இழுத்தடிக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஃப்ரெஸ்னோ சோதனை முடிகிற வரைகூட அவர்களால் பொறுக்க முடியவில்லை. போட்டி வங்கி ஒன்றும் இதே யோசனையில் இருக்கிறது என்று காற்றுவாக்கில் சேதி வந்தது. அவசர அவசரமாகக் கலிஃபோர்னியா முழுக்க அட்டைகளைக் கொட்டினார்கள். 13 மாதத்தில் 20 லட்சம் கார்டுகள்.

இழுத்தடித்தவர்கள் நான்கு சதவீதம் இல்லை. 22 சதவீதம்.

தபால்பெட்டியிலிருந்தே கார்டுகள் திருட்டுப் போயின. வசூலுக்கென்று ஒழுங்கான ஒரு இலாகாகூட ஏற்பாடு செய்திருக்கவில்லை. முதல் ஒன்றேகால் வருடத்தில் கணக்கில் காட்டிய நஷ்டமே 88 லட்சம் டாலர். விளம்பரம், நிர்வாகச் செலவையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 2 கோடி டாலர். 1959 முடிவதற்குள் வில்லியம்ஸ் வேலையை விட்டுப் போய்விட்டார். பாவம், அவர் போன கொஞ்ச நாளிலேயே, 1961ல், அதே கார்டு லாபம் காட்ட ஆரம்பித்துவிட்டது. வங்கி அந்த லாபத்தை வெளியே சொல்லாமல் அமுக்கிவைத்தது. 'கார்டு என்றாலே நஷ்டம்' என்று மற்ற வங்கிகள் நம்பிக்கொண்டிருப்பது நல்லதுதானே? 1976ல் அந்தக் கார்டுக்கு வேறு பெயர் வைத்தார்கள். விசா.

ரகசியம் எத்தனை நாள் தாங்கும்? 1966 கிறிஸ்துமஸ் சமயத்தில் சிகாகோ வங்கிகள் களத்தில் குதித்தன. போட்டி போட்டுக்கொண்டு சுமார் 50 லட்சம் கார்டுகளைத் தபாலில் அனுப்பின. அவரவர் கையில் கிடைத்த முகவரிப் பட்டியலையெல்லாம் உபயோகித்தார்கள். கைக்குழந்தைக்குக் கார்டு வந்தது. செத்துப்போனவருக்கு வந்தது. நாய்க்குக்கூட வந்தது. சில வீடுகளுக்குப் பதினைந்து கார்டு. தபாலில் திருடிய கார்டுகளுக்குத் தனியாகக் கள்ளச் சந்தையே நடந்தது. யாரோ திருடி வாங்கிய டி.வி.க்கு, கார்டைக் கண்ணாலேயே பார்க்காத மனிதருக்கு பில் வந்து நின்றது. ஜனாதிபதி ஜான்சனுக்கு நுகர்வோர் விவகார ஆலோசகராக இருந்த பெட்டி ஃபர்னஸ் அம்மையார், கேட்காதவர்களுக்குக் கார்டு அனுப்புவதை சர்க்கரை நோயாளிக்கு சர்க்கரை கொடுப்பதோடு ஒப்பிட்டார்.

1970ல் சட்டம் வந்தது. கேட்காமல் கார்டு அனுப்பக்கூடாது. கார்டு திருட்டுப் போனால் சொந்தக்காரரின் தலையில் 50 டாலருக்கு மேல் கட்டக்கூடாது. அதே அக்டோபரில் இன்னொரு சட்டமும் வந்தது. கிரெடிட் கம்பெனி உங்களைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை, தப்பென்றால் கேள்வி கேட்கும் உரிமை. பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதிய ஃபைல்களெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன.

சரி, இனிமேல் ஆளைப் பார்த்துத்தான் கார்டு தர வேண்டும். கோடிக்கணக்கான ஆட்களை எப்படிப் பார்ப்பது?

அதற்கான பதில் பல வருடங்களாகவே தயாராக இருந்தது. யாரும்தான் கண்டுகொள்ளவில்லை. பில் ஃபேர் ஒரு இன்ஜினீயர். ஏர்ல் ஐசக் ஒரு கணித மேதை. 1956ல் இருவரும் ஆளுக்கு 400 டாலர் போட்டு ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பழைய கடன் விவரங்களைக் கணக்குக்குள் போட்டுப் பார்த்தால், யார் கட்டுவார், யார் கட்டமாட்டார் என்று முன்கூட்டியே மதிப்பெண் போட்டுவிடலாம் என்றார்கள். 1958ல், அதாவது ஃப்ரெஸ்னோவில் அட்டை மழை பெய்த அதே வருடம், நாட்டிலுள்ள 50 பெரிய கடன் நிறுவனங்களுக்குக் கடிதம் போட்டார்கள். பதில் எழுதியது ஒன்றே ஒன்று. வில்லியம்ஸும் இவர்களும் அந்த வருடம் எங்காவது சந்தித்து ஒரு காபி சாப்பிட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கம்பெனியின் மதிப்பெண்தான் இன்றைக்கு அமெரிக்காவை ஆட்டிவைக்கிற ஃபைகோ ஸ்கோர். எல்லோருக்கும் பொதுவான ஸ்கோராக அது வந்தது 1989ல். 1995ல் வீட்டுக் கடனுக்கும் அதையே பார்க்கலாம் என்று ஆனது. அதற்கப்புறம் அமெரிக்கனுக்கு அந்த மூன்று இலக்கம்தான் நட்சத்திரம், ராசி, லக்னம் எல்லாம்.

இப்போது நம் டிராயர் கேள்விக்கு நெருங்கிவிட்டோம். அந்த ஸ்கோரில் என்னென்ன சேரும் என்பதை அவர்களே மேலோட்டமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பதற்கு 35 சதவீதம். எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு 30. எத்தனை வருட அனுபவம் என்பதற்கு 15. மிச்சம் 20, புதுக்கடனுக்கும் கடன் வகைக்கும். சம்பளம்? ம்ஹும், அதற்கு இதில் இடமே இல்லை.

அந்த 30 சதவீதத்துக்குள்தான் பூனை உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு பாக்கி என்பதை வெறும் ரூபாயாகப் பார்ப்பதில்லை. உங்களுக்குக் கொடுத்த மொத்த லிமிட்டில் எத்தனை பங்கைத் தொட்டிருக்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். லட்ச ரூபாய் லிமிட்டில் தொண்ணூறாயிரம் தொட்டவனைவிட, ஐந்து லட்சம் லிமிட்டில் அதே தொண்ணூறாயிரம் தொட்டவன் தேவலை. காரணம் ரொம்ப எளிது. லிமிட்டின் விளிம்பில் நிற்பவர்கள்தான் பின்னால் அதிகமாகத் தவறினார்கள் என்று பழைய விவரங்கள் சொன்னன. அண்ணாச்சிக்கு உங்கள் முகம் தெரியும், அப்பா பெயர் தெரியும், போன தீபாவளிக்கு பாக்கியைத் தீர்த்தது தெரியும். கம்ப்யூட்டருக்கு விகிதம் மட்டும்தான் தெரியும். நீங்கள் தொடாத கார்டை மூடினால் கடன் குறையாது. லிமிட் குறையும். விகிதம் ஏறும்.

புரிகிறதா? நண்பர் பதறியதற்கு இதுதான் காரணம். ஆனால் பதறுகிற அளவுக்கு இருக்கிறதா என்பது வேறு கணக்கு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நடுவில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 'அனுபவம்' என்று ஒரு பங்கு சொன்னேன் இல்லையா? அமெரிக்காவில் எழுபதுகள் வரை கல்யாணமான பெண்ணுக்கு அந்த அனுபவமே சேராது. அவள் கையால் மாதாமாதம் பில் கட்டியிருப்பாள். கணக்கு என்னவோ கணவன் பெயரில். புருஷன் இறந்துபோனாலோ, விவாகரத்து ஆனாலோ, இருபது வருடம் ஒழுங்காகக் கட்டியவள் ஒரே நாளில் கடன் உலகத்தில் பிறக்காதவள் ஆகிவிடுவாள். சம்பாதிக்கிற பெண்ணிடம்கூடக் கணவன் கையெழுத்தைக் கேட்டார்கள். 1974ல்தான் பெண் என்பதற்காகக் கடன் மறுக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். கூட்டுக் கணக்கின் விவரத்தை இரண்டு பேர் பெயரிலும் பதியவேண்டும் என்பதற்கு இன்னும் கொஞ்ச வருடம் ஆனது. இதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். என் மனைவி கையில் பதினைந்து வருடமாக இருப்பது என் கார்டின் ஆட்-ஆன் கார்டு. ஆட்-ஆன் கார்டின் வரவு செலவெல்லாம் பெரும்பாலும் முதன்மைக் கார்டுக்காரன் கணக்கில்தான் பதிவாகும். அவருக்கென்று ஒரு வரி கிடையாது. "க்ளோஸ் பண்ணுங்க" என்று அவர் சொன்ன அன்று இது எங்கள் இருவருக்குமே தெரியாது.

தொடாத கார்டு உங்களுக்கு நல்லது என்றால் வங்கிக்கு? வங்கிக்கு அது நீங்கள் எப்போது வந்து கேட்டாலும் தருவதாகக் கொடுத்துவைத்த வாக்கு. நல்ல காலத்தில் பிரச்னையில்லை. காலம் கெட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். 2008ல் அமெரிக்காவில் காலம் கெட்டது. ஃப்ரெஸ்னோவில் வலியக் கொடுத்த அதே தொழில், இப்போது வலியப் பிடுங்கியது. தூங்குகிற கார்டுகளை மூடினார்கள், லிமிட்டை வெட்டினார்கள். ஒரு கடனும் தவறாதவனுக்குக்கூட விகிதம் எகிறி ஸ்கோர் அடிவாங்கியது. உச்சகட்டம் 2009 பிப்ரவரி. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் வாடிக்கையாளர்களில் சிலருக்குக் கடிதம் எழுதியது. பாக்கியைக் கட்டிவிட்டுக் கணக்கை மூடிக்கொண்டு போனால் 300 டாலர் பரிசு! கார்டை வாங்கச் சொல்லிப் பரிசு கொடுத்துப் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து போய்விடுங்கள் என்று கொடுத்ததை அப்போதுதான் உலகம் பார்த்தது. அதே மே மாதம் புதுச் சட்டம் வந்தது. அதன்படி 2010 ஆகஸ்டிலிருந்து, கார்டை உபயோகிக்கவில்லை என்பதற்காக அபராதம் போடுவதும் நின்றது. ஆமாம், அப்படியும் ஒன்று இருந்தது.

எல்லாக் கார்டையும் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்தால் தென்கொரியாவைப் பார்க்கலாம். 1997 ஆசிய நெருக்கடிக்குப் பிறகு, ஜனங்கள் செலவு செய்தால்தான் பொருளாதாரம் நிமிரும் என்று அரசாங்கமே கார்டுக்குக் கொடி பிடித்தது. கார்டில் செலவு செய்தால் வரிச்சலுகை, ரசீதுக்கு லாட்டரிப் பரிசு. 2002ல் அந்தச் சின்ன நாட்டில் 10 கோடிக்கும் மேல் கார்டுகள். வேலை பார்க்கும் ஆளுக்கு நான்குக்கு மேல். ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டினார்கள். நம்மூரில் ரொட்டேஷன் விடுவது என்போமே, அதேதான். 2003 கடைசியில் சுமார் 37 லட்சம் பேர் கடன் தவறியவர்கள் பட்டியலில் இருந்தார்கள். நாட்டின் மிகப்பெரிய கார்டு கம்பெனியான எல்ஜி கார்டைக் கடன் கொடுத்த வங்கிகள் சேர்ந்து தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. டிராயரில் தூங்குகிற கார்டு எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. வேலை போன மறுமாதம் அது விழித்துக்கொள்ளும்.

இந்தியாவில் வங்கி கிரெடிட் கார்டை முதலில் கொண்டுவந்தது சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா, 1980ல். ஆனால் அது ஊருக்குள் வந்தது 2000க்கு அப்புறம்தான். பெட்ரோல் பங்க், தியேட்டர் வாசல், ஆபீஸ் கேன்டீன் எங்கே போனாலும் டை கட்டிய ஒரு பையன் விண்ணப்பத்தோடு நிற்பான். "சார், லைஃப்டைம் ஃப்ரீ சார். ஒரு கையெழுத்து மட்டும்." அவனுக்கு டார்கெட். எனக்கு இரக்கம். 2004ல் முதல் கார்டு வாங்கினேன். இரண்டாவது கார்டு அடுத்த வருடமே, சரியாக இந்த இரக்கத்தால் வந்தது. அதில் ஒரு ரூபாய்க்குக்கூட நான் பொருள் வாங்கியதில்லை. ஆனால் 'ஃப்ரீ' என்பது முதல் வருடத்துக்கு மட்டும்தானாம். வீடு மாறியதால் ஸ்டேட்மென்ட் பழைய முகவரிக்குப் போனது. ஆண்டுக் கட்டணம் 500, கட்டாததற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி, வட்டிக்கு சேவை வரி. ஒருநாள் காலை வசூல்காரர் போனில் வந்தபோது தொகை 4,800 ரூபாய் சொச்சம். வாங்காத பொருளுக்குக் கடன்காரன்! கட்டித் தொலைத்தேன். ஆனாலும் நம் சோம்பேறித்தனம் இருக்கிறதே, அன்றே மூடாமல் கார்டை டிராயரில் போட்டேன். அது இன்னும் அங்கேயே இருந்திருக்கிறது.

அப்போது எனக்குத் தெரியாத விஷயம், நம்மூரிலும் லெட்ஜர் திறந்தாகிவிட்டது என்பது. சிபில் 2000ல் தொடங்கியது. 2005ல் அதற்கென்று தனிச் சட்டம். 300லிருந்து 900 வரை மதிப்பெண். சிபில் தவிர மூன்று கம்பெனிகள் உண்டு. 2017லிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிடமும் முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். நீங்கள் இன்னும் பார்த்ததில்லை என்றால் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகப் பாருங்கள். நான் பார்த்தேன். அந்த 4,800 ரூபாய்க் கதை நல்லவேளையாக அதில் இப்போது இல்லை. ரொம்பப் பழசு.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு ஒன்று இருக்கிறது. சிகாகோ கலாட்டாவின் வாசனை அதில் அடிக்கும். கேட்காமல் கார்டு தரக்கூடாது. தந்து, பில்லும் போட்டால், அந்தத் தொகையை ரத்து செய்வதோடு இரண்டு மடங்கு அபராதமும் தரவேண்டும். நீங்கள் மூடச் சொன்னால், பாக்கி இல்லாத பட்சத்தில், ஏழு வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்கு. தபாலில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று இழுத்தடிக்கக்கூடாது. முக்கியமானது இன்னொன்று. ஒரு வருடத்துக்குமேல் கார்டைத் தொடாமல் இருந்தால் வங்கியே தகவல் சொல்லிவிட்டு, 30 நாளில் நீங்கள் பதில் சொல்லாவிட்டால் மூடிவிடலாம். ஆகவே 'அது பாட்டுக்குக் கிடக்கட்டும்' என்பது இப்போது ஒரு முடிவே இல்லை.

வாருங்கள், என் கணக்கைப் போடுவோம். தினம் உபயோகிக்கும் கார்டு லிமிட் ஒரு லட்சம். மாதம் சுமார் 40,000 செலவாகும், முழுசாகக் கட்டிவிடுவேன். டிராயர் கார்டுகள் மூன்று. 2004ல் வாங்கிய முதல் கார்டு, நிஜமாகவே ஆயுளுக்கும் இலவசம், லிமிட் 2 லட்சம். இரக்கக் கார்டு, ஆண்டுக் கட்டணம் உண்டு, லிமிட் 50,000. பண்டிகைத் தள்ளுபடிக்காக வாங்கிய மூன்றாவது, லிமிட் ஒன்றரை லட்சம், அதற்கும் கட்டணம். மொத்த லிமிட் 5 லட்சம். தொட்டது 40,000. எட்டு சதவீதம்.

மூன்றையும் மூடினால்? ஒரு லட்சத்தில் 40,000. நாற்பது சதவீதம். கல்விக் கடன் விண்ணப்பம் போடுகிற சமயத்தில் இது வேண்டாத வேலை. நண்பர் சொன்னது சரி. ஆனால் கட்டணம் பிடுங்குகிற இரண்டை மட்டும் மூடினால்? மூன்று லட்சத்தில் 40,000. பதின்மூன்று சதவீதம். எட்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் யாருடைய தலையும் போகாது. அதற்காக வருடா வருடம் இரண்டு கட்டணம் கட்டிக்கொண்டிருப்பது படித்த முட்டாள்தனம். பழைய கார்டை மூடினால் அத்தனை வருட அனுபவமும் அன்றே அழிந்துவிடும் என்கிறார்களே, அதுவும் முழு நிஜமில்லை. மூடிய கணக்கு 'மூடப்பட்டது' என்ற குறிப்போடு ரிப்போர்ட்டில் பல வருடம் நிற்கும். அமெரிக்காவில், ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு பத்து வருடம் வரை. இருந்தாலும் இலவசமாகக் கிடைக்கிற 2 லட்சம் லிமிட்டை நான் ஏன் விடவேண்டும்? அதில் இன்டர்நெட் பில்லைக் கட்டிவிட்டு, பாக்கியை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டேன். கார்டு தூங்காது. நானும் மறக்கமாட்டேன்.

உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். கார்டைப் பார்த்தால் கை அரிக்கும் என்கிற ஆசாமி நீங்கள் என்றால் விகிதமாவது, ஸ்கோராவது, முதலில் மூடுங்கள். பக்கத்து சீட்காரர் சொன்ன திருட்டு பயத்துக்கு ஒரே மருந்து, எஸ்.எம்.எஸ். வருகிற போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும், வெளிநாட்டு, ஆன்லைன் உபயோகத்தை ஆப்பில் அணைத்துவைப்பதும்.

மறுநாள் இரண்டு வங்கிகளுக்கும் போன் போட்டேன். ஒன்று உடனே ஒப்புக்கொண்டது. இன்னொன்றில், அதாவது இரக்கக் கார்டில், அந்தப் பெண் விடுவதாக இல்லை.

"சார், லிமிட்டை ரெண்டு லட்சமா ஏத்தித் தரோம் சார்."

"வேண்டாம்மா."

"இந்த வருஷ ஃபீஸ் வேணா தள்ளுபடி பண்ணிடறோம் சார்."

"அடுத்த வருஷம்?"

பதில் இல்லை. விண்ணப்ப எண் கொடுத்தார். குறித்துக்கொண்டேன். ஐந்தாவது வேலை நாளில் மூடியதாக எஸ்.எம்.எஸ். வந்தது. பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு மெயிலில் வாங்கினேன். அடுத்த மாதம் ரிப்போர்ட்டில் இரண்டும் மூடியதாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மனைவி கத்தரிக்கோலால் இரண்டு அட்டைகளையும் சிப்பில் ஒரு வெட்டு, குறுக்கே ஒரு வெட்டு என்று வெட்டிப் போட்டார். அன்று சாயங்காலமே அவர் பெயரில் இருக்கிற ஃபிக்சட் டெபாசிட்டை வைத்து, அவர் பெயரிலேயே தனியாக ஒரு கார்டுக்கு விண்ணப்பம் போட்டோம். ஆட்-ஆன் இல்லை. சொந்தக் கார்டு.

"ரெண்டை மூடச் சொன்னா, புதுசா ஒண்ணு வாங்கறீங்களே" என்றார்.

1974 கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.